காயலான் கடைக்காரர் தள்ளிவிட்டவை

கோடை விடுமுறை தொடங்கியதும் ஸ்டேஷனரி கடைகளில் ஒரு தனி வியாபாரம் சூடுபிடிக்கும். க்ளூ கன், அதற்கான பசைக் குச்சிகள், அக்ரிலிக் வண்ணப் புட்டிகள், ஜிகினாத் தூள், தங்க நிற ஸ்ப்ரே, வட்டமாக அறுத்த எம்.டி.எஃப். பலகை. வாங்க வருகிறவர்கள் கையிலிருக்கும் பட்டியலின் தலைப்பு ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’. பள்ளிக்கூடம் கொடுத்த ப்ராஜெக்டாக இருக்கலாம்; செல்போனில் பார்த்த வீடியோவாகவும் இருக்கலாம். பழைய செய்தித்தாளைக் குழலாக உருட்டி, ஒட்டி, கதிர்கள்போல வட்டமாக அடுக்கி, தங்க வண்ணம் பூசி, நடுவே ஒரு கண்ணாடியைப் பதித்து ஹாலில் மாட்டுவது திட்டம். முடித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குதான் உதைக்கும். எடைக்குப் போட்டிருந்தால் நாலு காசு தந்திருக்கும் காகிதத்தின் மேல், அதைப்போலப் பல மடங்கு விலைக்குப் புதுச் சாமான் வாங்கிப் பூசியாயிற்று. பசையும் பெயின்ட்டும் ஏறிய அந்தக் காகிதத்தை இனி எந்தப் பழைய பேப்பர்காரரும் தொடமாட்டார். மறுபடி அட்டையாகவோ காகிதமாகவோ ஆகியிருக்க வேண்டியது, தூசி படிந்து நிறம் மங்கியதும் குப்பை வண்டியில் ஏறும். குப்பையிலிருந்து ஏதாவது செய்யலாம் என்று கிளம்பி, குப்பையாக இல்லாத ஒன்றைக் குப்பையாக்கிய கதை இது.

நம் ஊரில் எது குப்பை, எது சரக்கு என்று தீர்ப்புச் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். தராசோடு தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரரும், அவர் கொண்டுபோய்ச் சேர்க்கும் காயலான் கடைக்காரரும்தான் அந்த நிபுணர்கள். செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி, இரும்பு, பித்தளை, அலுமினியம், செம்புக் கம்பி, உடைந்த பிளாஸ்டிக் வாளி, பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு விலை உண்டு. விலை இருக்கிறது என்றாலே அந்தப் பொருளுக்கு எங்கோ ஒரு மறுபிறவி காத்திருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது வேணாம்மா’ என்று ஓரமாக நகர்த்தி வைப்பவை வேறு ரகம்: உடைந்த வளையல், விளிம்பு பெயர்ந்த பீங்கான் தட்டு, பிளாஸ்டிக் தாள் ஒட்டி மினுங்கும் கல்யாணப் பத்திரிகை, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ஷாம்பு சாஷே, இற்றுப்போன புடவை. குறைந்த செலவில் வீட்டுச் சுவரை அழகாக்க நினைப்பவர்கள் இந்த ஓரக் குவியலில்தான் கைவைக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அதன் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன்: எடுத்த பொருளின் மேல் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறோமோ அவ்வளவுக்கு அது சுவரில் நிற்கும்.

முதல் பாதிக்குச் சாட்சி சண்டிகரில் இருக்கிறது. பிரிவினையில் ஊரை இழந்து இந்தியப் பக்கம் வந்த நேக் சந்த், அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். லெ கொர்பூசியே வரைந்த புதிய நகரத்துக்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். அந்த இடிபாடுகளையும் நகரம் கழித்துப் போட்ட சாமான்களையும் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து, ஊருக்கு வெளியே அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்த்தார். 1957-இல் தொடங்கிய வேலை 1970-களில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி அது ஆக்கிரமிப்பு, இடித்துத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. 1976-இல் ‘ராக் கார்டன்’ என்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015-இல் அவர் காலமானபோது அது நாட்டின் பெரிய சுற்றுலாத் தலங்களில் ஒன்றாகியிருந்தது. அந்தச் சுவர்களை நெருங்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒரு சுவர் முழுக்க மின்சார பிளக் சாக்கெட்டுகள். வெள்ளைப் பீங்கான், மூன்று துளை, மறுபடி மூன்று துளை. இன்னொன்றில் கழிவறைப் பீங்கான் சில்லுகள் மட்டும். வரிசையாக நிற்கும் பெண் உருவங்களின் ஆடை உடைந்த கண்ணாடி வளையல்களால் ஆனது. ஈர சிமென்ட்டில் நெருக்கமாகக் குத்தி வைத்த வளைவுகள், பச்சையும் சிவப்புமாக. சாக்கெட்டுக்கு அவர் வண்ணம் அடிக்கவில்லை, வளையலுக்கு ஜிகினா தூவவில்லை. பழைய இரும்புக்காரர் கூட எடைபோட மறுக்கும் பொருளை ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அந்த எண்ணிக்கைதான் அங்கே வண்ணம், அதுதான் ஜிகினா.

மறுபாதிக்குச் சாட்சி ஆப்பிரிக்காவில். கானாவில் 1944-இல் பிறந்த எல் அனட்சுயி, நைஜீரியாவின் ன்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். 1990-களின் கடைசியில், வழியில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு மூட்டையை எடுத்தார். உள்ளே மதுபாட்டில்களின் அலுமினிய மூடிகளும் கழுத்துப் பட்டைகளும். அவற்றைத் தட்டி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடு ஒன்றாகக் கோத்தார். அவ்வளவுதான் செய்நேர்த்தி. வண்ணம் மூடியோடு வந்தது; மது கம்பெனிகள் அச்சடித்த சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் அப்படியே இருக்கின்றன. சுவரில் மாட்டினால் நெய்த துணிபோல மடிப்பு மடிப்பாக விழும். மாட்டும் இடத்துக்கு ஏற்றபடி மடிப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று அருங்காட்சியகங்களுக்கே அவர் உரிமை கொடுத்துவிடுகிறார். 2015-இல் வெனிஸ் பியனாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை வழங்கியது. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த மதுவும் அடிமை வியாபாரமும் அந்த மூடிகளுக்குள் இருக்கின்றன என்று அவரே பேசியிருக்கிறார். பொருளை மறைக்காததால்தான் அந்தப் பேச்சுக்கு இடம் கிடைத்தது. மூடிகளின் மேல் தங்க ஸ்ப்ரே அடித்திருந்தால் மினுக்கம் கிடைத்திருக்கும், வரலாறு போயிருக்கும்.

‘அவர்கள் மேதைகள், எங்கள் வீட்டு ஹாலுக்கும் வெனிஸுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பது நியாயம்தான். அதனால் மேதைகளை விட்டுவிட்டு, அமெரிக்காவின் அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் முடங்கிக் கிடந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊருக்குப் போகலாம். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்த பெண்கள், கிழிந்த ஜீன்ஸையும் வேலைச் சட்டைகளையும் வெட்டித் தைத்துக் குளிருக்குப் போர்வை செய்தார்கள். கலை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆர்தர் ராத்ஸ்டீன் 1937-இல் அந்த ஊரில் எடுத்த புகைப்படங்களில், பலகை இடுக்கில் காற்று நுழையாமலிருக்க வீட்டுச் சுவரெங்கும் ஒட்டிய செய்தித்தாள்களையும் பார்க்கலாம். 2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் அந்தப் போர்வைகளை அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. முழங்காலில் வெளுத்த ஜீன்ஸின் வெளிர் நீலமும், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடத்தில் மிஞ்சிய அடர் நீலச் சதுரமும்தான் அங்கே வண்ணச் சேர்க்கை. ஓவியப் பள்ளிக்கூடம் போகாத கைகள் அவை. இருந்ததை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியே அவர்களுக்கு அளவைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. கடை பக்கத்திலேயே இருக்கிறது. நம் சிக்கல் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுப் பொருளுக்கு வருவோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மாத்திரை அட்டைக்குப் பஞ்சமே இல்லை. அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டிய பொருள் என்பதால் எடைக்கு யாரும் எடுப்பதில்லை. ஒரே மாத்திரையின் அட்டைகளை மட்டும் நாலைந்து மாதம் சேர்த்து (காலியானதுதானா என்று ஒவ்வொரு குழியையும் பார்த்துவிட்டு), வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி செங்கல் அடுக்குவதுபோல வரிசைபோட்டுக் கோத்தால், கட்டைவிரல் அழுத்திப் பிய்த்த ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு விதமாகக் கிழிந்திருப்பது தெரியும். வெளிச்சம் அந்தக் கிழிசல்களில் உடைந்து சிதறும். பல நிற அட்டைகளைக் கலந்தால் மருந்துக்கடைக் குப்பைத்தொட்டிபோல இருக்கும். ஒரே ரகமாக இருந்தால் தகடுவேலைபோல இருக்கும். ஷாம்பு சாஷேக்கும் இது பொருந்தும். ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து எளியவர் கைக்குக் கொண்டுபோனதில் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வகையில் கடைகளில் சரமாகத் தொங்கும் அந்தச் சின்ன உறை தமிழ்நாட்டுக்கு உறவுக்காரப் பொருள். சரமாகவே அது தொங்குகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: காயலான் கடைக்காரர் தள்ளியதெல்லாம் சுவருக்கு ஏற்றதாகிவிடாது. ஃபியூஸ் போன ட்யூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது, தெர்மகோல் எளிதில் தீப்பிடிக்கும், பழைய பேட்டரி கசியும். இவை மூன்றையும் அலங்காரத்துக்குத் தொடவே வேண்டாம்.

காயலான் கடைக்காரர் தள்ளினாரா என்ற இந்தச் சோதனைக்கு உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. பழைய பட்டுப் புடவைக்கு வாங்குபவர் உண்டு. தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். ஜரிகையை உரசிப் பார்ப்பார். அசல் வெள்ளி ஜரிகை என்றால் நல்ல விலையும் கொடுப்பார். அப்படியென்றால் என் வாதப்படி அது சுவருக்குப் போகக் கூடாதுதானே? ஆனால் அவர் வாங்குவது புடவையை இல்லை. பட்டை எரித்து அதிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காக வாங்குகிறார். செய்தித்தாள் மறுபடி காகிதமாகிறது, இரும்பு மறுபடி இரும்பாகிறது. புடவை மறுபடி புடவையாவதில்லை. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும்: இந்தப் பொருளில் உயர்ந்தது எதுவோ அது விற்ற பிறகும் மிஞ்சுமா? காஞ்சிபுரப் புடவையில் உயர்ந்தது நெசவு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டி, இரண்டும் சேரும் கோட்டில் இழையோடு இழை பூட்டிக்கொள்ளும் கோர்வை ஒருவர் கையால் மட்டும் ஆகும் வேலையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். முந்தானை உடலோடு சேரும் இடத்தில் பாவு நூலை நூலோடு இணைக்கும் பிட்னியும் அப்படித்தான். உடுத்தும்போது இந்த இரண்டு கோடுகளும் மடிப்பிலோ தோளிலோ ஒளிந்துவிடும்.

பீரோவில் ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்த பட்டு, அந்த மடிப்பிலேயே கீறும். உடல் பகுதி இற்றுப்போனாலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் விறைப்பாகவே இருக்கும். பிட்னிக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உடலை விட்டு முந்தானையை வெட்டியெடுத்தால், வாழ்நாளெல்லாம் மறைந்திருந்த கோடு சுவரில் கண்ணுக்கு நேரே வரும். இங்கே பசை பரம எதிரி. பட்டில் ஊறி, காய்ந்து, கறையாக நிற்கும். பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, அதன் மேல் முந்தானையைப் பரப்பி, கிழிந்த உடல் பகுதியிலிருந்து உருவிய நூலாலேயே கரையோரமாக நீளத் தையல் போட்டால் போதும். வங்காளப் பெண்கள் கிழிந்த புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவில் காலங்காலமாக இதைத்தான் செய்தார்கள். தையல் நூல் புடவைக் கரையிலிருந்தே உருவப்பட்டது. ஃப்ரேம் போடுவதாக இருந்தால் கண்ணாடி பட்டின் மேல் உட்காராமல் நடுவே சின்னச் சட்டம் வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை படரும். ஃப்ரேம் இல்லாமலும் ஆகும்: மேல் ஓரத்தை மடித்துத் தைத்து ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மேற்கு ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டக் கூடாது. வெயிலுக்குப் பட்டு தாங்காது.

‘குறைவாகக் கைவைக்க வேண்டும்’ என்பதற்கு எதிராக நம் பக்கத்திலேயே ஒரு பலமான சாட்சி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். செட்டிநாடு உட்படப் பல இடங்களில் அந்தப் படங்களின் மேல் வெல்வெட்டும் ஜரிகையும் மணியும் ஒட்டி, அச்சுப் படத்துக்குப் புடவை கட்டி நகை போட்டார்கள். குறைவான கை என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் அழகுதான். கூர்ந்து பார்த்தால் அந்த ஒட்டுவேலை ஆடையோடும் நகையோடும் நின்றுவிடுகிறது. முகமும் கையும் அச்சில் இருந்தபடியே. எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பொருள்களில் இந்த ரகத்துக்குப் பக்கத்தில் வருவது கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டை, தங்க அச்சு, லேசரில் வெட்டிய ஜாலி. மேலே பிள்ளையார் இருப்பதால் தூக்கிப் போட மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடமிருக்காது. பெயர்களையும் தேதியையும் நறுக்கிவிட்டு, ஜாலியை மட்டும் கறுப்புத் துணிமேல் வைத்தாலே போதும். அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தாலும் அதிகம்.

மற்ற எதிர்ப்புகளில் சில சரியானவை. சுவரில் மேடு பள்ளமாக எது தொங்கினாலும் தூசி சேரும், பல்லி குடியேறும், மைதா பசையை இராமபாணப் பூச்சி தின்னும். பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்காகத்தான். ஆனால் அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். தைப்பதும் கம்பியால் கோப்பதும் இதனாலேயே ஒட்டுவதைவிட மேல்: அவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். சுவருக்கு ஒன்று என்ற கட்டுப்பாடும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ததையெல்லாம் மாட்டிய வீடு, வீடாக இராது, காட்சிக்கூடமாகிவிடும். இதனால் ஊர்க் குப்பை குறையும் என்பது வெறும் சமாதானம். ஒரு வீட்டின் மாத்திரை அட்டையைச் சுவரில் மாட்டுவதால் எந்தக் குப்பைமேடும் தாழ்ந்துவிடப் போவதில்லை. அந்தப் பெருமையை விட்டுவிட்டால்தான் உண்மையான காரணத்தைப் பேச முடியும்: செலவில்லை, கடையில் வாங்கும் பாரிஸ் தெரு கேன்வாஸ் பிரின்ட்டைவிட இது இந்த வீட்டுக்குச் சொந்தமானது. காசில்லாததால் செய்தோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜீஸ் பெண்ட் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள்.

உடைந்ததும் கிழிந்ததும் வீட்டில் இருந்தால் ஆகாது என்ற எதிர்ப்பு வேறு வகை; இதை அறிவுக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் கண்ணாடிச் சில்லு ஆபத்துதான். அந்த எச்சரிக்கை நம்பிக்கையாக உறைந்திருக்கலாம். ஆனாலும் பாங்காக்கில் ஆற்றங்கரையில் நிற்கும் வாட் அருண் கோயிலின் கோபுரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் பதித்தவை சீனப் பீங்கான் துண்டுகள். காலை வெயிலில் பூப்பூவாக மின்னுவது அந்தச் சில்லுகள்தான். புத்தர் கோயிலுக்கு ஆகுமென்றால், கூர் மழுங்கத் தேய்த்த வளையல் துண்டு நம் வீட்டுச் சுவருக்கு ஆகாமல் போகாது. தேய்க்க நாலு தாள் உப்புத்தாள் போதும்.

மிச்சமிருப்பது வாடகை வீட்டுக்காரர்களின் புகார்: ஆணி அடித்தால் வீட்டு ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார். எந்த வாடகை வீட்டிலும் யாரும் கேள்வி கேட்காத ஓர் ஆணி உண்டு. தினசரி காலண்டர் தொங்கும் ஆணி. அந்தக் காலண்டரின் அட்டையும் சாதாரணமானதில்லை. கெட்டியானது, வளையாதது, மேலே மாட்டத் துளையோடு வருவது. டிசம்பர் 31 தாளைக் கிழித்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. சாமி படம் இருப்பதால் பரணுக்கோ பூஜையறை மூலைக்கோ போய்ச் சேரும். சாமி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப மனமில்லாதவர்கள் மளிகைக் கடையோ நகைக் கடையோ கொடுத்த இயற்கைக் காட்சி அட்டையைத் தேர்ந்துகொள்ளலாம். பின்பக்கம் ஒன்றும் அச்சாகாத மங்கல் பழுப்பு. ஒரு சாண் அகலக் கரைத்துணி அதில் சரியாக உட்காரும். நாலு மூலையிலும் ஊசியால் குத்தி நூல் கோத்து, அதே துளையில் அதே ஆணியில் மாட்டினால் ஜனவரி 1 காலையில் புதுக் காலண்டருக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.